ஸ்டார் லேபிளில் எந்த எண்ணைப் பார்ப்பது? மின்விசிறி முதல் போர்வெல் மோட்டார் வரை

"அஞ்சு ஸ்டார் எடுத்துக்கங்க, கரண்ட் பில்லே தெரியாதுங்க." கோவை கிராஸ்கட் ரோடானாலும் சரி, ஈரோட்டுக் கடைவீதியானாலும் சரி, வீட்டு உபயோகப் பொருள் வாங்கப் போனால் காதில் விழும் வாக்கியம் இது. விற்பவர் பொய் சொல்வதில்லை. ஆனால் எந்தப் பொருளுக்கு, எந்த ஆண்டின் அளவுகோலில், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டினால் என்ற மூன்றும் அதில் இல்லை. இந்த மூன்றும் தெரிந்தால்தான் கூடுதலாகக் கொடுக்கும் ஆறாயிரமோ எட்டாயிரமோ திரும்ப வருமா என்று சொல்ல முடியும்.

மின்சாரத்தைச் சேமிக்கும் சட்டம் 2001-ல் வந்தது. அதன்படி அமைந்த மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ., 2006-ல் ஸ்டார் லேபிள் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் விருப்பமுள்ள நிறுவனங்கள் மட்டும் ஒட்டின. பிறகு ஃபிரிட்ஜ், ஏ.சி., கீசர், டி.வி., எல்.இ.டி. பல்பு என்று ஒவ்வொன்றாகக் கட்டாயமானது. சீலிங் ஃபேனுக்குக் கட்டாயமானது 2023 ஜனவரி 1 முதல்தான்.

லேபிளில் கண்ணைக் கவர்வது சிவப்பு நட்சத்திரங்கள். வேலைக்கு ஆகும் விவரங்கள் அவற்றுக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கின்றன. ஃபிரிட்ஜ், ஏ.சி. லேபிள்களில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று இருக்கும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இந்த லேபிள் செல்லும் என்று இருக்கும். மாடல் எண்ணும் கொள்ளளவும் இருக்கும். நட்சத்திரத்தை விட்டுவிட்டு இவற்றைப் படிப்பவர் ஏமாறுவது அரிது.

லேபிள் காலம் ஏன் முக்கியம் என்பதற்கு ஏ.சி. நல்ல உதாரணம். ஏ.சி.யின் திறனை ஐ.எஸ்.இ.இ.ஆர். என்ற எண்ணால் குறிக்கிறார்கள். எண் கூடக் கூட, அதே குளிர்ச்சிக்குக் கரண்ட் குறைவு. 2018 அளவுகோலில் 4.5 இருந்தால் ஐந்து ஸ்டார். 2022 ஜூலையில் அளவுகோலை இறுக்கியபோது ஐந்து ஸ்டாருக்கு 5.0 தேவைப்பட்டது, பழைய 4.5 நான்கு ஸ்டாராக இறங்கியது. அதேபோல் 3.5 வைத்திருந்த மூன்று ஸ்டார் மெஷின் இரண்டு ஸ்டாரானது. 3.1-ல் ஒரு ஸ்டார் வாங்கியிருந்த மாடலுக்குக் குறைந்தபட்சமே 3.3 என்று ஆனதால், அதைப் புதிதாகத் தயாரித்து விற்க வழியில்லாமல் போனது. மெஷின் மாறவில்லை, அளவுகோல்தான் மாறியது. ஆடித் தள்ளுபடியில் பழைய ஸ்டாக் வரும்போது, ஸ்டார் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் புதிய மாடலோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும். ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணோடு எண்ணை வைத்துப் பாருங்கள்.

இந்தத் திட்டத்தின் பெரிய பயன் மேலே இருக்கும் ஐந்து ஸ்டாரில் இல்லை, கீழே இருக்கும் ஒரு ஸ்டாரில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து. ஒரு ஸ்டாரைக்கூட எட்டாத பொருளை விற்கவே கூடாது என்பதுதான் இந்தத் 'தரம், லேபிள்' திட்டத்தில் 'தரம்' என்ற பகுதி. லேபிளைப் படிக்கத் தெரியாதவர், படிக்க நேரமில்லாதவர், வாடகை வீட்டுக்கு இருப்பதிலேயே மலிவானதை வாங்குகிறவர் என்று எல்லோரையும் அது காப்பாற்றுகிறது.

அடுத்தது நம் ஊர் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். சேமிக்கும் யூனிட்டின் மதிப்பை சராசரி விலையில் போடக்கூடாது, உங்கள் பில்லின் கடைசி அடுக்கு விலையில் போட வேண்டும். ஏனென்றால் குறையும் யூனிட் எப்போதும் உச்சியிலிருந்துதான் குறையும். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. மொத்தம் 500-ஐத் தாண்டினால் 101–200-க்கான அந்தச் சலுகை விலை போய் அதுவும் 4.70 ஆகிவிடும், 501-க்கு மேல் 8.40, 601-க்கு மேல் 9.45. கணக்குப் போட்டால் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 501 யூனிட்டுக்கு ஏறக்குறைய 2,048. ஒரே ஒரு யூனிட்டுக்கு 243 ரூபாய் கூடுகிறது. 540 வந்தால் 2,376. ஆகவே 510–550 என்று பில் வந்துகொண்டிருக்கும் வீடுகளுக்கு ஐம்பது யூனிட் குறைப்பது பெரிய விஷயம். பழைய ஃபேன் ஒன்றிரண்டை மாற்றினாலே அது நடக்கும்.

ஃபேனையே முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லா வீட்டிலும் இருப்பது, வருடம் முழுக்க ஓடுவது, மாற்றினால் விரைவில் காசு திரும்புவது அதுதான்.

48 அங்குல சாதாரண ஃபேன் முழு வேகத்தில் சுமார் 75 வாட் இழுக்கும். மின்னணு போர்டு ஒன்றால் ஓடும் புதிய வகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 28 முதல் 35 வாட். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், 45 வாட் வித்தியாசம் இரண்டு மாத பில்லில் 40 யூனிட் ஆகும். ஆனால் இந்த 75 வாட் ஒப்பீடு ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்கும் பழைய ஃபேனுக்குத்தான் பொருந்தும். ஃபேனின் ஸ்டாரை நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று என்பதை வாட்டால் வகுத்துக் கணக்கிடுகிறார்கள். 2023-ல் கட்டாயமானபோது 1200 மில்லிமீட்டர் ஃபேனுக்கு ஒரு ஸ்டார் வாங்கவே அது 4 இருக்க வேண்டும், ஐந்து ஸ்டாருக்கு 6. காற்று குறைந்தபட்சம் 210 கன மீட்டர். 210-ஐ 4-ஆல் வகுத்தால் 52 வாட் சொச்சம். அதாவது, இன்று கடையில் முறையாக விற்கும் ஒரு ஸ்டார் ஃபேனே ஐம்பது வாட் அளவில்தான் இழுக்கும். புதிதாக வாங்கும்போது ஒரு ஸ்டாருக்கும் ஐந்து ஸ்டாருக்கும் உள்ள வித்தியாசம் 20 வாட் சொச்சம்தான். பில்லுக்கு 20 யூனிட். விளம்பரத்தில் வருவதில் பாதி. அப்படியும் பகலிரவு ஓடும் ஹாலுக்கும் படுக்கையறைக்கும் பி.எல்.டி.சி. தாராளமாகக் கட்டும். பூஜை அறைக்கும் விருந்தாளி அறைக்கும் ஒரு ஸ்டார் போதும்.

லேபிளில் காற்றின் அளவையும் பாருங்கள். சில மாடல்கள் 210-ஐ மட்டும் எட்டி, வாட்டைக் குறைத்து ஐந்து ஸ்டார் வாங்கிவிடும். சித்திரை வெயிலில் மேல்தளத்து அறைக்கு அந்தக் காற்று போதாது. 220, 230 தரும் மாடலாகப் பார்த்து எடுங்கள்.

பி.எல்.டி.சி. ஃபேனில் பழுது என்றால் பெரும்பாலும் போர்டுதான். அதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பழைய ரெகுலேட்டரைக் கழற்றாமல் அதன் வழியே இணைப்புக் கொடுப்பது. போர்டுக்கு நேரடி சப்ளை வேண்டும். ரெகுலேட்டர் அலையை வெட்டித் தருவதால் ஃபேன் விட்டு விட்டு ஓடும், நாளடைவில் போர்டு போய்விடும். ரெகுலேட்டரை எடுத்துவிட்டு ஒயரை நேராக இணைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது, கோடை மழைக்கு முன் வரும் இடியும், கரண்ட் போய்த் திரும்பும்போது எகிறும் வோல்டேஜும். ரிமோட்டில் அணைத்துவிட்டு விடுவதைவிட, வெளியூர் போகும்போது சுவர் சுவிட்சையும் அணைப்பது நல்லது. வாங்கும்போது மோட்டாருக்கு எத்தனை வருடம், போர்டுக்கு எத்தனை வருடம் வாரண்டி என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

பழைய ஃபேன் மெதுவாகச் சுற்றுகிறது என்றால் முதலில் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். 2.5 மைக்ரோஃபாரட் என்றிருப்பது நாளாக நாளாக வலு இழக்கும், விலையும் சொற்பம். காயில் கட்டிய ஃபேன்தான் வம்பு. அசல் கனத்தில் இல்லாத கம்பியை, எண்ணிக்கை குறைத்துச் சுற்றினால் அதே வேகத்துக்குக் கூடுதல் கரண்ட் இழுத்துச் சூடாகும். தொட்டால் சுடும் ஃபேன் மோட்டாரை மறுபடியும் காயில் கட்டுவதைவிட மாற்றிவிடுவது மேல்.

ஏ.சி.க்கு வருவோம். லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட், வருடத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினால் என்ற கணக்கு. வெளி வெப்பம் 24 முதல் 43 டிகிரி வரை என்று வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஒன்றரை டன் மெஷின் ஒன்றில் 960 யூனிட் என்றும், கூடுதல் ஸ்டார் உள்ளதில் 760 என்றும் போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். 1,600 மணிக்கு 200 யூனிட் வித்தியாசம், அதாவது எட்டு மணி நேர இரவுக்கு ஒரு யூனிட். இனி உங்கள் ஊரைப் பொறுத்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் கோவை, பொள்ளாச்சிப் பக்கம் பங்குனி முதல் வைகாசி வரை மூன்று மாதம் ஓட்டினால் 90 யூனிட். 8.40 விலையில் வருடத்துக்கு 756 ரூபாய். விலை வித்தியாசம் எட்டாயிரம் என்றால் திரும்பப் பத்து வருடத்துக்கு மேல் ஆகும். அதே மெஷினை ஈரோட்டிலோ கரூரிலோ வருடத்துக்கு 200 இரவு ஓட்டினால் 1,680 ரூபாய். ஐந்து வருடத்துக்குள் திரும்பிவிடும். ஒரே லேபிள்தான். கோவைக்கு மூன்று ஸ்டார் போதும், கரூருக்கு ஐந்து ஸ்டார் என்று தைரியமாகச் சொல்லலாம்.

2020 ஜனவரி முதல் புது ஏ.சி.கள் ஆன் செய்தவுடன் 24 டிகிரியில் தொடங்கும்படி விதி இருக்கிறது. அங்கேயே விட்டு, கூடவே ஃபேனை மெல்ல ஓட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். ஐந்து ஸ்டார் மெஷினை மேற்கு வெயில் படும் மொட்டைமாடி மூலையில் காற்றோட்டமில்லாமல் வைத்தாலும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டர் கழுவாவிட்டாலும் லேபிளில் இருக்கும் எண் கிடைக்காது. அவிநாசி, பல்லடம் மாதிரி பஞ்சும் தூசியும் பறக்கும் ஊர்களில் வாரம் ஒருமுறை கழுவ வேண்டியிருக்கும்.

ஃபிரிட்ஜுக்கு மணிக் கணக்கே வேண்டாம், 24 மணி நேரமும் ஓடுவதால் லேபிளின் ஆண்டு யூனிட்டை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு எவ்வளவு என்று வந்துவிடும். 130, 190 என்று இரண்டு இருந்தால் பில்லுக்குப் பத்து யூனிட் வித்தியாசம், அவ்வளவுதான். அதற்கு மூவாயிரம் கூடுதல் கேட்டால் யோசியுங்கள். லேபிள் எண் ஆய்வகத்தில் கதவைத் திறக்காமல் அளந்தது. வீட்டில் கொஞ்சம் கூடத்தான் வரும். மிகக் கூடுதலாக வந்தால் கதவு ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. ரப்பரை வெந்நீரில் துடைத்தாலே பல நேரம் பழைய வளைவுக்கு வரும், வராவிட்டால் மாற்றுங்கள். சுவருக்கும் பின்பக்கத்துக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள்.

கீசரில்தான் ஸ்டாரைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். சேமிப்புத் தொட்டி உள்ள கீசருக்குத் தரும் ஸ்டார், தண்ணீரைச் சூடாக்கும் செலவைப் பற்றியதே அல்ல. சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது ஒரு நாளில் எவ்வளவு வெப்பம் கசிகிறது என்பதைப் பற்றியது. 15 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற எந்தக் கீசருக்கும் 0.61 யூனிட் வேண்டும். அதில் ஸ்டாருக்கு வேலையில்லை. குளிப்பதற்கு அரைமணி முன் போட்டு அணைத்துவிடும் வீட்டில் ஐந்து ஸ்டாருக்கும் மூன்று ஸ்டாருக்கும் பில்லில் வித்தியாசம் தெரியாது. காலையிலிருந்து ராத்திரி வரை ஒவ்வொருவராகக் குளிக்கும் கூட்டுக் குடும்பத்திலும், விடுதியிலும் ஐந்து ஸ்டார் வேண்டும். சுவரில் மாட்டும் மூன்று லிட்டர் உடனடி கீசர் இந்த லேபிளுக்குள் வராது.

சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்குத் தெரியாத தொல்லை ஒன்று போர்த் தண்ணீர் வீடுகளில் உண்டு. உப்பு எலிமெண்டின் மேல் ஓடாகப் படியும். வெப்பம் எப்படியும் தண்ணீருக்குத்தான் போகிறது என்பதால் கரண்ட் செலவு பெரிதாகக் கூடாது. ஆனால் எலிமெண்ட் உள்ளுக்குள் அதிகமாகச் சூடாகிச் சீக்கிரம் வெடிக்கும். வருடம் ஒருமுறை கழற்றி உப்பைச் சுரண்டச் சொல்லுங்கள். அப்போதே உள்ளே இருக்கும் மக்னீசியக் கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். அது கரைந்து தீர்ந்துவிட்டால் அடுத்து அரிப்பது தொட்டியைத்தான்.

கிரைண்டரைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. கோயமுத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஸ்டார் லேபிளை அதில் தேட வேண்டாம். டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட். மாவாட்ட 40 நிமிடம் என்றால் 0.1 யூனிட். கரண்டுக்காக அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. டி.வி.யோடு எப்போதும் ஆனிலேயே இருக்கும் செட்டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்தால்கூட இரண்டு மாதத்துக்கு 14 யூனிட் ஆகிறது. அதை அணையுங்கள்.

எந்தப் பொருள் எவ்வளவு இழுக்கிறது என்று ஈ.பி. மீட்டரிலேயே பார்க்கலாம். மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 அல்லது 1600 மினுக்கு என்று அச்சிட்டிருக்கும். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் போடுங்கள். ஒரு நிமிடத்தில் வரும் மினுக்குகளை எண்ணி, 3200 மீட்டர் என்றால் 18.75-ஆல் பெருக்குங்கள், 1600 என்றால் 37.5-ஆல். அதுதான் வாட். பத்து மினுக்கு வந்தால் 187 வாட். ஃபேன் மாதிரிச் சின்னச் சாமானுக்கு ஒரு நிமிடம் போதாது. பத்து நிமிடம் எண்ணிப் பத்தால் வகுங்கள்.

கடைசியாக மோட்டார். நம் பக்கம் பல வீடுகளில் பில்லை ஏற்றுவது இதுதான், ஆனால் யாரும் இதன் லேபிளைப் பார்ப்பதில்லை. ஊரைச் சுற்றிப் பம்பு தயாரிக்கும் பட்டறைகள். பம்புகளைச் சோதிக்க சிட்டார்க் ஆய்வகம் கோவையிலேயே இருக்கிறது. இருந்தும் கடையில் "ஒன்றரை ஹெச்.பி., நல்ல கம்பெனி" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. தோட்டத்து மோட்டாருக்குக் கரண்ட் இலவசம் என்பதால் விவசாயிகள் ஸ்டாரைக் கேட்கும் பழக்கமே வரவில்லை; அந்தப் பழக்கமின்மைதான் காசு கட்டும் வீட்டு மோட்டாருக்கும் தொற்றிக்கொண்டது என்று நினைக்கிறேன்.

பம்புக்கான ஸ்டார், இந்திய தர நிர்ணயம் கேட்கும் குறைந்தபட்சத் திறனைவிட எவ்வளவு மேலே என்று சொல்வது. அதற்குச் சமமாக இருந்தால் ஒரு ஸ்டார், 1.2 மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் ஐந்து. ஆனால் இந்தத் திறன் குறிப்பிட்ட ஹெட்டில், அதாவது தண்ணீரைத் தூக்கும் மொத்த உயரத்தில், மட்டுமே கிடைக்கும். 100 மீட்டர் ஹெட்டுக்குச் செய்த ஐந்து ஸ்டார் பம்பை 50 மீட்டரில் ஓட்டினால், சரியான ஒரு ஸ்டார் பம்பைவிட மோசமாக ஓடலாம். ஹெட் என்பது மோட்டாரை இறக்கிய ஆழம் அல்ல. 500 அடியில் இறக்கியிருந்தாலும் ஓடும்போது தண்ணீர் 300 அடியில் நின்றால், தூக்குவது அந்த 300 அடியிலிருந்துதான். அதோடு மாடித் தொட்டி உயரம் 30 அடி, குழாய் உராய்வு கொஞ்சம். ஓடும்போது மட்டம் இறங்கும் என்பதால் மோட்டாரை நிறுத்தி வைத்து அளந்த மட்டத்தை நம்பக்கூடாது. அரைமணி ஓட்டியபின் அளக்கச் சொல்லுங்கள்.

உங்கள் மோட்டார் எப்படி இருக்கிறது என்று பார்க்க வழி எளிது. ஆயிரம் லிட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது மீட்டர் ரீடிங் குறித்துக்கொள்ளுங்கள், மற்றவற்றை அணைத்து மோட்டாரை மட்டும் ஓட்டுங்கள், நிரம்பியதும் மறுபடி குறியுங்கள். ஆயிரம் லிட்டரை 330 அடி, அதாவது 100 மீட்டர், தூக்க இயற்பியல் கேட்பது 0.27 யூனிட். நல்ல வீட்டுப் பம்பின் மொத்தத் திறன் 30 முதல் 40 சதவீதம். ஆக 0.7 முதல் 0.9 யூனிட் ஆவது நியாயம். ஒன்றரை யூனிட் ஆகிறது என்றால் எங்கோ கோளாறு.

முதலில் பேனல் போர்டில் ரன் கண்டென்சரை மாற்றிப் பாருங்கள். அது வலு இழந்தால் மோட்டார் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடாகும், கடைசியில் காயில் போகும். அடுத்தது வால்வு. மோட்டாரை நிறுத்தியதும் குழாய்த் தண்ணீர் சளசளவென்று கீழே இறங்கும் சத்தம் கேட்டால் தண்ணீரைத் தடுக்கும் வால்வு அடைக்கவில்லை அல்லது ஏதோ ஜாயின்ட் கசிகிறது. மணல் வரும் போரில் உள்ளே சுழலும் இம்பெல்லர்கள் தேய்ந்திருக்கும். ஏற்கெனவே காயில் கட்டிய மோட்டார் என்றால் ஃபேனுக்குச் சொன்னதே இதற்கும்.

குழாயையும் விட்டுவிடாதீர்கள். போரில் தண்ணீர் மட்டம் மேலேயே இருந்து, குழாயில் விநாடிக்கு ஒரு லிட்டர் ஓடும் இடத்தில், உள்விட்டம் 25 மில்லிமீட்டர் குழாய் 100 மீட்டர் நீளத்துக்குச் சுமார் 17 மீட்டர் ஹெட்டைத் தின்றுவிடும். 32 மில்லிமீட்டர் என்றால் 5 மீட்டர்தான். குழாய் விலையில் மிச்சம் பிடிப்பது ஒருமுறை, உராய்வுக்குக் கரண்ட் கட்டுவது மோட்டார் ஓடும் ஒவ்வொரு நாளும்.

புதிது வாங்கப் போகும்போது ஓடும் மட்டம், தொட்டி உயரம், போரில் மணிக்கு எவ்வளவு தண்ணீர் ஊறுகிறது என்ற மூன்றையும் எழுதி எடுத்துப் போங்கள். கடைக்காரரிடம் ஹெச்.பி.யைச் சொல்லாதீர்கள், இந்த ஹெட்டில் இத்தனை லிட்டர் தரும் பம்பு வேண்டும் என்று கேட்டு, கம்பெனியின் அட்டவணையைப் பார்த்து, பம்பின் தகட்டில் எழுதியிருக்கும் ஹெட் உங்கள் கணக்குக்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பல வீடுகளுக்கு ஒன்றரைக்குப் பதில் ஒரு ஹெச்.பி. போதும் என்று அப்போதுதான் தெரியவரும். லேபிளில் இருக்கும் மாடல் எண்ணும் தகட்டில் இருக்கும் மாடல் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் பி.இ.இ.யின் ஸ்டார் லேபிள் செயலியில் மாடலைத் தேடுங்கள். வரவில்லை என்றால் அந்த லேபிளை நம்பிக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். மோட்டார் இறக்கிய முதல் வாரத்திலேயே ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் என்று அளந்து, பேனல் போர்டின் உள்கதவில் தேதியோடு எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே அளவை மறுபடி எடுத்துப் பார்த்தால், மோட்டாரை மேலே தூக்க வேண்டுமா வேண்டாமா என்று அந்த எண்ணே சொல்லிவிடும்.